துணி பிழிவதற்குள்

மர்பி டவுன் வீட்டில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் எங்கள் வாஷிங் மெஷின் நின்றது. அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய் அடிக்கடி நழுவி, வீடு முழுக்க நுரை ஓடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து முடியும்வரை பக்கத்தில் நின்று காவல் காப்பது எனக்கும் அக்காவுக்கும் வேலை. சும்மா நிற்க முடியுமா? மெஷினின் மூடிமேல் செஸ் பலகையை வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்றபடியே ஆடுவோம்.

துவைக்கும்போதும் அலசும்போதும் பலகை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். கடைசியில் துணி பிழியத் தொடங்கினால் மெஷினே குதிக்கும். குதிரைகள் தம் இஷ்டத்துக்கு நடக்கும், ராஜா தானாக விழுவார். ஆகவே ஒரு சட்டம் வைத்திருந்தோம். பிழிவதற்குள் முடியாத ஆட்டம் டிரா. பலகையை மூடியிலிருந்து எடுக்கக் கூடாது.

சட்டத்தால் லாபம் அக்காவுக்குத்தான். நேராக ஆடினாலே பெரும்பாலும் என்னைத் தோற்கடித்துவிடுவாள். எப்போதாவது நான் முந்திவிட்டால் பேச ஆரம்பிப்பாள்.

"என் ராணியே போயிடுச்சு. நீ ஜெயிச்சாச்சுடி, போ. ஆமா, அந்த நீல சுடிதார் உனக்கு வேணுமா?"

நான் இப்போது மென்பொருளில் பிழை தேடும் வேலை பார்க்கிறேன். பட்டியல் போடுவது அதற்கும் முந்தைய பழக்கம். கையிலிருந்த ஆட்டங்களை எப்படியெல்லாம் விட்டேன் என்று அப்போதே மனதில் குறித்து வைத்திருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நம்பி, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்ப்பதை நிறுத்துவது ஒன்று. முடிக்க வேண்டிய நேரத்தில் இன்னொரு சிப்பாயையும் வெட்டப் போவது இன்னொன்று. எல்லாவற்றிலும் மோசம், செக்கும் வைக்காமல் நகர இடமும் விடாமல் அவள் ராஜாவை அடைத்துவிடுவது. அதுவும் டிராதான். மூன்றுக்கும் ஒரே மருந்து. காயை வைக்கும் முன், இனி அவள் எங்கே போவாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுடிதார் பேச்சு வந்ததும் மருந்து மறந்துபோகும்.

அக்காவுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மெஷினுக்குள் சுழன்றவை எல்லாம் அவள் கொண்டுபோக வேண்டிய துணிகள். அதுவரை நான் அவளை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இன்று விட்டால் மறுபடி எப்போது என்று தெரியவில்லை.

அன்று அவள் கவனம் ஆட்டத்தில் இல்லை. பெட்டியின் எடையைப் பற்றியே பேசிக்கொண்டு காய்களை ஒவ்வொன்றாக விட்டாள். கடைசி அலசலுக்குத் தண்ணீர் விழும்போது என்னிடம் ராணியும் யானையும் மிச்சம். அவளிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும்.

"பீரோல என் தட்டு இனி உனக்குத்தான். ஜன்னலோரக் கட்டில் மட்டும் எடுத்துக்காதே, குளிரும்."

"பேசாம ஆடுக்கா."

"அப்பப்பா, என்னா கோவம்!"

எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. யானை ஒரு வரிசையை அடைத்து நின்றது. ராணியைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனால் முடிந்தது. நான் கொண்டுபோகவில்லை. அவளுடைய சிப்பாயை வெட்டினேன். அவள் ராஜாவை மூலைக்கு நகர்த்தினாள். அடுத்த முறை என் ராஜாவை வெறுமனே ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

"பைப் ஒழுங்கா இருக்காடி?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா," என்றோம் இருவரும்.

அக்கா ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தி, மறுபடி மூலைக்குக் கொண்டுவந்தாள். நடுவில் நான் இன்னொரு வீண் நகர்வு செய்திருந்தேன்.

"ஏய், என்ன பண்றே நீ?"

"யோசிக்கிறேன்."

"பொய். எப்பவோ முடிச்சிருக்கலாம். நேரத்தை ஓட்றது என் வேலைடி, உன் வேலை இல்ல."

"முடிஞ்சா நீ பெட்டி கட்டப் போயிடுவே."

 அதற்குள் மெஷின் ஒருமுறை உறுமி, பிழியத் தொடங்கியது. என் யானை தள்ளாடியது. அக்கா சட்டென்று இரண்டு கைகளாலும் பலகையைத் தூக்கி, நெஞ்சுக்கு நேராக அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கக் கூடாது," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? முடி. பேக, பேக! கை வலிக்குது." அவசரம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

ராணியை எடுத்தேன். மூலையிலிருந்த ராஜாவுக்கு மிக அருகில் வைக்கத்தான் முதலில் கை போனது. வைக்கும் முன் கேட்டுக்கொண்டேன். இனி அவள் எங்கே போவாள்? எங்கும் போக முடியாது. செக்கும் இல்லை. ராணியை அப்படியே விலக்கி, தூரத்தில் கடைசி வரிசையில் வைத்தேன். யானை இருந்த இடத்திலேயே இருந்தது.

"மேட்."

பலகையைப் பிடித்தபடியே குனிந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். "ம், மேட்டுதான்." மெஷின் அடங்கும்வரை பலகையைக் கீழே வைக்கவில்லை. ஒரு காய்கூட விழவில்லை.

இப்போது நான் தொம்மலூரில் இருக்கிறேன். என் வீட்டு மெஷின் குதிப்பதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நான் துணியைப் போட்டு பட்டனை அழுத்திய பிறகுதான் போனில் எங்கள் ஆட்டம் தொடங்கும். சிலமுறை ஜெயித்திருக்கிறேன். அதையெல்லாம் தகராறில்லாமல் ஒத்துக்கொள்கிறாள். அந்த முதல் வெற்றியை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள்.

"பலகை மூடி மேல இல்ல. அது டிரா."

"நீதானேக்கா தூக்கினே!"

"யார் தூக்கினா என்னடி? சட்டம் சட்டம்தான்."