கதவு தட்டும் காட்சி

தாகேதாவில் எங்கள் தெருவில் சினிமா டிஸ்க் விற்பவர், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒல்லி மனிதர். வீட்டு முன்னறைதான் கடை. பண்டிகை நாள் பார்த்து முகமூடிக் கொலைகாரன் வரும் மலிவான ஆங்கிலப் படங்களையே எந்நேரமும் ஓடவிடுவார். அலறலுக்கெல்லாம் அசையமாட்டார், படத்தில் யாராவது கதவைத் தட்டினால் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் பண்டிகையன்று, வழக்கப்படி அவர் தோளில் தண்ணீர் ஊற்றக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

அவர் பதறி வெளியே வந்தார். “தட்டாதீங்க தங்கச்சி, குரல் குடுங்க. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறாங்கன்னு மகன் ஒரு வருஷமா உள்ளயே கெடக்கான்.”

“அவனுக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே.”

கிண்ணத்தை வாங்கி உள்ளே போனார். மகனின் சிரிப்பு வெளியே கேட்டது. உடனே படத்தின் சத்தத்தை ஏற்றிவிட்டார்.

இப்போதும் அந்தக் கடையிலிருந்து அலறல் கேட்டால், உள்ளே அவன் சிரிக்கிறானோ என்று நின்றுவிடுகிறேன்.