ராமசெல்வி இறங்கச் சொன்ன தொட்டி

பழி வாங்குவது பாவம் என்று கோயிலில் சொல்வார்கள். நானும் ஞாயிறு தவறாமல் போய்க் கேட்கிறவள்தான். ஆனால் ராமசெல்வி விஷயத்தில் அந்தப் பேச்சு எனக்கு ஏறவில்லை. இன்றுவரை ஏறவில்லை.

நான் சிலுவையம்மாள். காசிமேட்டில் மீன் அரிந்து பிழைக்கிறேன். ராமசெல்வி எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் டில்லிபாபு பிளம்பர். தான் போட்ட பைப்பு ஒழுகுகிறது என்று காதில் விழுந்தால் கூப்பிடாமலே போய் நிற்கிற ரகம்.

கல்மண்டபத்தில் கன்டெய்னர் லாரிகள் சொந்தமாக வைத்திருக்கும் செல்வநாதன், முதுகு வலிக்கிறதென்று மாடியில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி போட்டார். நாலு பேர் உட்காரலாம். கரண்டில் ஓடும் ஹீட்டரும் மோட்டாரும் அதோடேயே இருக்கும். மாடியிலோ உப்புக்காற்று. ஹீட்டரில் துளி கரண்டு கசிந்தாலும் லைனைத் துண்டித்துவிடும் ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தது. கசிவைச் சரிசெய்யாமல், அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுக்கச் சொன்னார் அந்த மகராசன். காய்ச்சல் காட்டுகிறதென்று தெர்மாமீட்டரை உடைத்த கதை.

இரண்டு வருஷம் முன்பு, வடிகட்டி அடைத்துக்கொண்டதென்று டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். மெயினை அணைக்கப் போனவனிடம், "ஆஃப் பண்ணாத, தண்ணி ஆறிடும். கெஸ்ட்டு வந்துகினு கீறாங்க. அப்டியே எறங்கு" என்றார் செல்வநாதன். இறங்கினான். பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அப்போது பக்கத்தில் நின்ற அவருடைய டிரைவர் ஆண்ட்ரூ, சாவு வீட்டில் இதையெல்லாம் சொல்லி அழுதான். ஸ்டேஷனில் வாயே திறக்கவில்லை. "வலிப்பு வந்து வுழுந்துட்டான்" என்று செல்வநாதன் எழுதிக்கொடுத்தார். தண்ணீரில் அடித்த கரண்டு உடம்பில் தடமே விடாமலும் போகுமாம். கேஸை மூடிவிட்டார்கள். ஆயுசில் ஒருநாளும் வலிப்பு வராதவன் வலிப்புக்காரனாகச் செத்தான்.

"அந்தாளு வாயாலயே உண்மை வரணும்க்கா. அதுவும் அவுரு வூட்டாளுங்க முன்னாடி" என்றாள் ராமசெல்வி. மூலையில் உட்கார்ந்து அழவில்லை. படித்து வயர்மேன் சான்றிதழ் வாங்கினாள். எந்த வீட்டில் ஹீட்டர் மாட்டினாலும் கையோடு ஒரு மிரட்டல் உண்டு. "ஈ.எல்.சி.பி. வுழுந்தா அத்தத் திட்டாத, கும்பிடு. மெயின எறக்காம தண்ணில கை வெச்ச, நான் வந்து அடிப்பேன்."

போன மாதம் அவளுக்கு ஒரு போன். பேசியது செல்வநாதன் மனைவி ஃப்ளோரன்ஸ். சாவுக்குப் பிறகு சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவைத்த ஈ.எல்.சி.பி. மறுபடி விழுகிறதாம், பெண் எலக்ட்ரீஷியன் என்றால் வீட்டுக்கு நல்லதாம். ராமசெல்வி நேராக என்னிடம் வந்தாள். "சாட்சிக்கு வாக்கா." மீன் வாசனை போகக் கையைக் கழுவிக்கொண்டு, அவள் கையாளாகக் கிளம்பினேன்.

மாடியில் இடுப்புத் துண்டோடு நின்றார் செல்வநாதன். ஃப்ளோரன்ஸும் கல்லூரியில் படிக்கிற மகள் சாண்ட்ராவும் பக்கத்தில் இருந்தார்கள். அவருக்கு ராமசெல்வியை அடையாளம் தெரியவில்லை. தாலியறுத்தவளின் முகத்தை ஒருநாளாவது ஏறிட்டுப் பார்த்திருந்தால்தானே தெரியும்!

"அத்த பைபாஸ் பண்ணிவுடும்மா. முன்னாடி அப்டித்தான் இருந்துச்சி, நல்லா ஓடிச்சி" என்றார்.

முதல் உண்மை தானாகவே வந்து விழுந்தது. ராமசெல்வி என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து கால்மணி நேரம் எதையோ முடுக்கினாள். உண்மையில் செய்தது ஒன்றுதான். தொட்டிக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றி என் மடியில் போட்டாள். கொலை செய்ய அவள் வரவில்லை.

"பழைய மாரியே பண்ட்டேன் சார். எறங்குங்க."

படியில் கால் வைத்தார்.

"என் வூட்டுக்காரரு டில்லிபாபு எறங்குனாரே, அதே மாரி எறங்குங்க."

வைத்த கால் பின்னால் வந்தது. முகம் வெளுத்துவிட்டது. மோட்டார் ஓடவில்லை என்பதைக்கூட மனுஷன் கவனிக்கவில்லை.

"மெயின ஆஃப் பண்ணு" என்றார்.

"தண்ணி ஆறிடுமே சார். நீங்கதான அவருகிட்ட சொன்னீங்க."

"அன்னிக்கு... கெஸ்ட்டு வர்ற நேரம்மா. இப்டி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஃப்ளோரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். சாண்ட்ரா மட்டும் அப்பாவின் எதிரில் வந்து நின்றாள். "வலிப்பு வந்து செத்தாருன்னு சொன்னியே, அவரா?"

அவர் இடுப்புத் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"உனக்குத்தான் வலிப்பு இல்லியே டாடி. எறங்கு."

அவர் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே, காதால் கேட்டதை எழுதிக்கொடுக்க எங்களோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள் சாண்ட்ரா. செல்வநாதன் மகளைக் கெஞ்சிக்கொண்டே தெருமுனை வரை வந்தார். ராமசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆசை தீரப் பார்த்தேன்.