பாதத்தின் மேல் இரண்டு விரல்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அக்கா நம்மைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருக்கிறார். சிரிப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தெரிகிறது. "நேரா பாக்கற மாதிரி ஒரு போட்டோகூடவா இல்ல?" என்று அச்சகத்திலேயே கேட்டார்கள். தேடிப் பார்த்தோம். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் அக்கா யாரையோ திட்டப் போகிறவர் போல இருக்கிறார். மற்ற எல்லாப் படங்களிலும் அவர் பார்வை எதிரில் நிற்பவரின் பாதத்தில்தான் இருக்கிறது.

அக்கா ரத்தநாள அறுவை மருத்துவர்; அந்தத் துறையின் பேராசிரியர். யாரைக் கண்டாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். அட்டைப் படத்தில் அவர் பார்த்துச் சிரிப்பது எங்கள் தாய்மாமாவின் வலது காலை. அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் கூடியிருக்கும் உங்களுக்கு அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் காலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அக்கா மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தார். அப்பா கடலூர் - பண்ருட்டி தடத்தில் ஓடிய தனியார் பேருந்தில் நடத்துநர். நிலம் தாத்தா காலத்தோடு சுருங்கிவிட்டிருந்தது. அக்கா பள்ளி இறுதித் தேர்வில் மாவட்ட அளவில் இடம் பிடித்தபோது அப்பா அன்று வண்டியில் ஏறிய எல்லோருக்கும் செய்தியைச் சொல்லியிருக்கிறார். இறங்க வேண்டிய இடத்தைச் சிலர் தவறவிட்டதாகக் கேள்வி. அக்கா மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். அதன்பின் எங்கள் வீட்டைத் தாங்கியவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. கரும்பு விவசாயி. அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார், இறக்கி வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "பாப்பா லெட்டர் போட்டுச்சா?" என்று கேட்பார். அக்கா பேராசிரியர் ஆன பிறகும் மாமாவுக்கு அவர் பாப்பாதான்.

பொது அறுவை மருத்துவம் முடித்து, சென்னையில் ரத்தநாளப் பிரிவில் உயர்படிப்பு முடித்து, அக்கா சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகச் சேர்ந்தார். நான் அப்போது நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். ஏன் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். உருக்கமான ஒரு காரணத்தை எதிர்பார்த்தேன். "சீட்டு கெடச்சிது" என்றார். சற்று நேரம் கழித்து, "அப்புறம் புடிச்சிப் போச்சி" என்றார். செய்தி அவ்வளவுதான்.

உறவினர்களுக்கு அவர் என்ன டாக்டர் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. நெஞ்சுவலி என்று வருவார்கள். "நெஞ்சுக்கு வெளிய இருக்கற கொழாய்ங்கதான் எங்களுது. உள்ள இருக்கறதுக்கு வேற ஆளு" என்று சொல்லி, வந்தவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். கல்லூரியில் அவர் அறை வாசலில் 'செருப்போடு உள்ளே வரவும்' என்று எழுதி வைத்திருந்தார். நம் மக்கள் டாக்டர் அறை என்றால் கோயில் போலச் செருப்பை வெளியே விட்டுவிடுவார்கள். அக்காவுக்குச் செருப்பையும் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கால் மரத்துப்போனவர் செருப்பு கழன்றது தெரியாமலே ஒற்றைச் செருப்போடு வருகிறாரா என்று பார்ப்பார். பலகையைப் படித்த பிறகும் பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அக்கா எழுந்து வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஒரு பேராசிரியர் இப்படிச் செய்யலாமா என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. பலகை பெரிய எழுத்தில் மாற்றி எழுதப்பட்டது. வேறு மாற்றம் எதுவும் இல்லை.

மாணவர்களிடம் அவருக்கு ஒரே கண்டிப்புதான். நோயாளியைப் பற்றிச் சொல்ல வரும்போது ஸ்கேன் படத்தை முதலில் நீட்டக்கூடாது. "ஃபிலிம்ம கவுத்து வை. கால தொட்டியா?" என்பார். பாதத்தின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து சற்று மேலே போனால் ஒரு நாடி துடிக்கும். இரண்டு விரலை மெல்ல வைத்தால் தெரியும். அழுத்தினால் தெரியாது, நம் விரலின் துடிப்புதான் தெரியும். இதை நான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பலமுறை கேட்டிருக்கிறேன். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னார். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தும் நீக்குவதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

மாமாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகை வைக்கத் துணையாக நான் விடுப்பில் வந்தேன். மாமா இயல்பில் வேகமாக நடக்கிறவர். வழியில் யாரோடும் நின்று பேசுகிற ஆளில்லை. அந்த முறை அவர் ஆளே மாறியிருந்தார். தெருவில் கொஞ்ச தூரம் நடப்பார். நின்று ஒருவரிடம் பேசுவார். மறுபடி நடப்பார், அடுத்த கடையில் நிற்பார். "பொண்ணு கல்யாணம் வந்ததும் மனுஷன் ஊரோட ஒட்டிக்கினாரு பாரு" என்று அத்தைக்கு ஒரே பெருமை. சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், கீழவீதியில் பூக்காரம்மாவிடம் நின்று மழையைப் பற்றிப் பேசினார். தேங்காய்க் கடையில் தேங்காய் வாங்காமல் விலை கேட்டார். பிறகு ஒரு பூட்டிய கடையின் முன் நின்று அதன் பெயர்ப் பலகையை முழுதாகப் படித்தார். எல்லாவற்றையும் கவனித்தேன். அத்தையைப் போலவே நானும் மாமாவுக்கு வயது கனிவைத் தந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்கா வீட்டில் நுழைந்ததும் அத்தை அந்தப் பெருமையை அக்காவிடமும் சொன்னார். பிறகு தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக் கொடுத்தார்கள். அக்காவும் மச்சானும் அதை வாங்கிக்கொண்டு மாமா அத்தை காலில் விழுந்தார்கள். மச்சான் எழுந்துவிட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. அத்தை திருநீறு பூசக் கையை நீட்டியபடி நின்றார்.

"எழுந்திரும்மா. நல்லா இருன்னு சொல்லியாச்சி."

அக்கா மாமாவின் இடக்காலிலிருந்து வலக்காலுக்குக் கையை மாற்றினார். பிறகு மறுபடி இடக்காலுக்கு.

"இன்னா பாப்பா, எதுனா வுழுந்துடுச்சா?" என்றார் மாமா.

"மாமா, நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குதா?"

மாமா அத்தையைப் பார்த்தார். "அது கெடக்கு. செத்த நின்னா செரியாப் பூடும்."

"அதான் வழியெல்லாம் நின்னு நின்னு பேசிக்கினு வரீங்களா?"

அத்தை திருநீற்றுக் கையை இறக்கிக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே வலது கால் சுண்டுவிரலைப் பிரித்துப் பார்த்தார். வெட்டிய கரும்பின் அடிக்கட்டை குத்திய காயம். மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது. மஞ்சளைத் துடைத்தால், விரல் நுனி கறுத்திருந்தது.

அன்று மாலையே படம் எடுத்துப் பார்த்தார்கள். தொடையில் ரத்தக்குழாய் நெடுகிலும் அடைத்திருந்தது. அக்கா சுற்றி வளைத்துப் பேசவில்லை. இப்போது ரத்தத்துக்கு வேறு வழி போட்டுக் கொடுத்தால் விரல் நுனியோடு போகும். தள்ளிப் போட்டால் முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டி வரும் என்றார்.

"கல்யாணம் முடிஞ்சி வெச்சிக்கலாம்" என்றார் மாமா.

"கல்யாண வூட்டுல ஆப்ரேஷன்னா ஊரு இன்னா பேசும்?" என்றார் அத்தை.

"பந்தக்கால் நடறதுக்கு முன்னால முடிச்சி அனுப்பிடறேன் அத்தை. தாரை வார்க்கறப்ப மாமா மேடையில ரெண்டு கால்ல நிக்கணுமா, ஒரு கால்ல நிக்கணுமா?"

மாமாதான் கடைசியில் சொன்னார்: "நீ கத்தி வெக்கறதா இருந்தா செரி. வேற எவன் கையிலயும் நான் படுக்க மாட்டேன்."

அக்காவுக்கு இதுதான் சிக்கல். சொந்த ரத்தத்தின் மேல் தான் கத்தி வைப்பதில்லை என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். கை நடுங்கும் என்பதற்காக அல்ல. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் மனம் குறுக்கே வரும் என்பார். அரிசி மூட்டையோடு சைக்கிளில் வந்த மாமா என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மறுத்தால் மாமா ஊருக்குப் போய்விடுவார். அக்கா, "நான் கூட இருக்கேன் மாமா" என்று மட்டும் சொன்னார்.

அறுவை அரங்கில் நடந்ததை மாமாவிடமும், அக்காவிடமும், அறுவை செய்த மருத்துவரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மாமா கடைசி பீடி எப்போது குடித்தார் என்ற ஒரு விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போனது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்தார்கள். மாமா விழித்திருந்தார். மார்புக்கு நேரே பச்சைத் துணி மறைப்பு. அக்கா தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் மாமாவுக்கு உறைத்தது.

"பாப்பா, நீ இங்க ஒக்காந்துக்கினு இருக்க. அங்க அறுக்கறது யாரு?"

"எங்கிட்ட படிச்ச பொண்ணு மாமா. இப்ப இங்கயே வாத்தியாரு."

"என்ன ஏமாத்திட்டியே."

"அவ கைக்கு நான்தான் பழக்கம் குடுத்தேன். அது எங் கைன்னே வெச்சிக்குங்க."

மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த மருத்துவர், "சார், மேடம் செஞ்சாலும் இதே தையல்தான் சார். கொஞ்சம் திட்டு ஜாஸ்தியா இருக்கும், அவ்வளவுதான்" என்றார். மாமா சிரித்ததில் வயிறு குலுங்க, "சிரிக்காதீங்க சார், ஊசி ஆடுது" என்று குரல் வந்தது.

தொடையின் உள்புறம் ஓடும் நீளமான சிரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடைப்பைத் தாண்டிப் பொருத்த வேண்டும். சிரைக்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் சிறு கதவுகள் உண்டு. திருப்பாமல் வைத்தால் ரத்தம் முட்டி நின்றுவிடும். தையல் முடிந்து, பிடித்து வைத்திருந்த கவ்விகளை எடுத்ததும் அரங்கில் பேச்சு நின்றது. "மேடம்" என்றார் அந்த மருத்துவர். அக்கா அப்போதுதான் முக்காலியிலிருந்து எழுந்தார். கால்மாட்டுக்குப் போய், கையுறை மாட்டி, பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். சிறிய டாப்ளர் கருவியை வாங்கி அதே இடத்தில் வைத்து ஒலியைக் கூட்டினார். அரங்கம் முழுக்க உஷ், உஷ் என்று காற்றடிப்பது போல் சீராகக் கேட்டது.

"இன்னா சத்தம் அது?" என்றார் மாமா.

"உங்க கால்தான் மாமா. ரத்தம் ஓடறது கேக்குது."

"இம்மாஞ் சத்தமா?"

அக்கா பதில் சொல்லவில்லை என்கிறார் மாமா. பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்கிறார் மருத்துவர். அக்காவிடம் கேட்டபோது, "மாஸ்க் நனைஞ்சிருந்தா மூச்சு விடறது கஷ்டம்" என்றார்.

விரல் நுனியோடு போயிற்று. பந்தக்கால் நட்ட அன்று மாமா ஊரில் இருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "மோட்டார் பைப் அடச்சிகிச்சி, பக்கத்துல வேற பைப் போட்டு ஜாயிண்ட் அடிச்சிட்டாங்க. அதுலயும் கதவு எந்தப் பக்கம் தொறக்குதுன்னு பாத்து வெக்கணும், தெரியுமா" என்று விளக்கினார். "பாப்பாவ எனக்குக் கட்டிவெக்கறதாத்தான் அந்தக் காலத்துல பேச்சி. கட்டியிருந்தா தெனம் கால புடிச்சிப் பாத்திருக்கும்" என்று அத்தையின் காதில் விழும்படி சொன்னார். "கட்டிக்கறதுதான. பீடியாவது எப்பவோ நின்னிருக்கும்" என்றார் அத்தை.

முகூர்த்தத்தன்று மண்டபத்தின் படிகளை மாமா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். தாரை வார்த்து முடித்து இறங்கியதும் அக்கா முதல் ஆளாகக் காலில் விழுந்தார். "மேடம், கேமராவப் பாருங்க" என்று புகைப்படக்காரர் சத்தம் போட்டார். அக்காவின் விரல்கள் பாதத்தின் மேல் இருந்தன. மண்டபமே பேராசிரியரின் பணிவைப் பாராட்டியது. அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படத்தின் மேற்பாதி.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் யார் காலில் விழுந்தாலும் எழ நேரமாகிறது. பெரியவர்களும் பொறுமையாக நிற்கிறார்கள், "ஓடுதா?" என்று கேட்ட பிறகே ஆசி சொல்கிறார்கள். மாமாவைப் பற்றி மட்டும் ஊரில் ஒரு குறை எழுந்தது. "ஆப்ரேஷனுக்கு அப்புறம் அவருக்கு கர்வம் வந்துடுச்சி. வழியில நின்னு ரெண்டு வார்த்த பேசறதில்ல." இதை அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை இந்தக் கட்டுரையில் எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பின் அக்காவும் மச்சானும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறினார்கள். கல்லீரலில் நோய் கண்டபோது, அதன் போக்கு அக்காவுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. வேண்டிய அளவு மருத்துவம் எடுத்துக்கொண்டார், வேண்டாததை மறுத்தார். பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தால் கட்டிலிலிருந்தே கடிந்துகொண்டார். கடைசி வாரத்தில் அவரைப் பார்க்க வந்த பழைய மாணவர்கள் அழுதுகொண்டு காலைத் தொட்டபோது, "அழுத்தாத. உன் நாடிதான் உனக்குத் தெரியும்" என்றார். அவர் நடத்திய கடைசி வகுப்பு அதுதான்.

அக்காவை அந்த மாதங்களில் குழந்தை போல் பார்த்துக்கொண்ட மச்சானுக்கும், முறை வைத்து வந்து உடனிருந்த மாணவர்களுக்கும், சிதம்பரத்து மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் தங்கள் வீட்டில் சமைத்து அனுப்பிய மஞ்சக்குப்பத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்குக் கத்தி பிடித்த அந்த மருத்துவர் இன்று அக்கா இருந்த இடத்தில் பேராசிரியராக இருக்கிறார். பலகையை எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். அதற்கும் நன்றி. இன்று உணவுக்குப் பின் பெரியவர்களின் காலைத் தொடுகிறவர்கள் விரலைச் சற்று நேரம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கடைசி நன்றி மாமாவுக்கு. அக்கா மறைந்த அன்று, வயதில் மூத்தவர் என்பதால் அக்காவின் காலைத் தொட அவருக்கு முறை இடம் தரவில்லை. எல்லோரும் தொட்டு வணங்கும்போது அவர் சுவரோரம் நின்றிருந்தார். ஊர்வலம் புறப்பட்டதும், வயதானவர்களுக்கென்று வைத்திருந்த வண்டியில் ஏறச் சொன்னோம். "நடக்கறேன்" என்றார். வெயில் இருந்தது. வழி நெடுகத் தெரிந்தவர்கள் நின்றிருந்தார்கள். துக்கம் கேட்கக் கையை நீட்டினார்கள். வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை மாமா ஓரிடத்திலும் நிற்கவில்லை.