இடது முன் கதவு

என் அப்பா கார் செய்கிறார் என்று பதினெட்டு வயது வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் இல்லை. ஒரகடம் பக்கத்து கார் தொழிற்சாலையில், அசெம்ப்ளி லைனில் அவருக்கு இருபது வருட வேலை. ஆனால் அவர் செய்தது கார் இல்லை, கதவு. அதிலும் இடது முன் கதவு மட்டும். வண்டி நகர்ந்து வரும். அப்பா கதவை மாட்டுவார், போல்ட்டை முடுக்குவார், இடைவெளியை விரலால் தடவிப் பார்ப்பார், ஒரு முறை சாத்துவார். அதற்குள் வண்டி அடுத்த ஆளிடம் போய்விடும். அந்த வண்டிக்குள் எஞ்சின் எப்படி வந்தது, எங்கே உட்கார்ந்தது என்பதெல்லாம் வேறு யாருடைய கவலையோ.

சொந்தக்காரர்களுக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியதில்லை. எங்கள் ஊரான படப்பையில் யார் கார் வாங்கினாலும் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு முறை ஓட்டிவந்துவிடுவார்கள். அப்பா இடது முன் கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு சாத்துவார். டப் என்ற அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டால், "நல்ல வண்டி" என்பார். வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். நானும் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருப்பேன்.

எனக்குக் கல்லூரி தண்டலம் பக்கத்தில். கல்லூரிப் பேருந்து எங்கள் பக்கம் வராது. ஷேர் ஆட்டோவில் ஒரகடம், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர், மறுபடி இன்னொரு பஸ். முதல் வருடம் பாதி நாள் முதல் வகுப்பை வெளியே நின்றுதான் கேட்டேன். ஸ்கூட்டர் கேட்டேன். கேட்ட அதே மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரோடு டிரெய்லர் லாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் ஸ்கூட்டர் என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

"பழைய வண்டின்னாலும் பரவால்ல, சின்னதா ஒரு கார் பாக்கலாம். சுத்தி தகரம் இருக்கணும்" என்றார் அப்பா.

"ஒரு மெக்கானிக்க கூட்டிகினு போயேன்" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கார் கம்பெனிக்காரன் பழைய கார் வாங்க மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதா? நானும் அப்பா பக்கம்தான். அம்மா சொன்னதுதான் சரி என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

தாம்பரம் தாண்டி, பழைய கார் விற்கும் ஒரு கொட்டகையில் அந்த வண்டியைப் பார்த்தோம். வெள்ளை நிறம். உள்ளே எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது. அப்பா எதையும் பார்க்கவில்லை, நேராக இடது முன் கதவுக்குப் போனார். திறந்தார், தடவினார், சாத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. கதவு விளிம்பில் ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எங்க பிளாண்ட் வண்டி பாப்பா. இது நான் மாட்டின கதவு."

விற்கிறவர் அதைக் காதில் வாங்கிவிட்டார். "சார் கம்பெனியா? அப்ப நான் இன்னாத்த சொல்றது, உங்களுக்குத் தெரியாததா" என்றார். அதோடு சரி. பானெட்டை அவரும் திறக்கவில்லை, அப்பாவும் திறக்கச் சொல்லவில்லை.

முதல் மாதம் நான் ராணிதான். இரண்டாவது மாதம் எலுமிச்சை வாசனை போய், ஈரத் துணியை மூடி வைத்த வாடை வர ஆரம்பித்தது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. வெப்பம் காட்டும் முள் ஒரகடம் சிக்னல் வருவதற்குள் பாதியைத் தாண்டிவிடும். ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, பாதிக் கண்ணை ரோட்டிலும் பாதிக் கண்ணை முள்ளிலும் வைத்து ஓட்டப் பழகினேன். அப்பாவோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு கதவுக்கும் எண்ணெய் விட்டு, பளபளவென்று துடைத்து நிறுத்துவார்.

ஒரு நாள் கல்லூரி முடிந்து, யாருக்கும் சொல்லாமல் மண்ணூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், முப்பது வயது இருக்கும். முன் சீட்டுக்கு அடியில் விரிப்பைத் தூக்கினார். காய்ந்த சேறு, பாளம் பாளமாக.

"வண்டி வெள்ளத்துல கிடந்திருக்கு தங்கச்சி" என்றார். "வயரெல்லாம் உள்ளுக்குள்ள பச்சை பிடிச்சுப் போயிருக்கு. என்னைக்கு வேணும்னாலும் ஷார்ட் ஆகும். மழையில எடுக்கவே எடுக்காதீங்க. அப்பாட்ட சொல்லி முழு வயரிங்கையும் மாத்திருங்க, என்னா?"

தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை. அப்பா அப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தக் கதவைச் சாத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், நீ வாங்கியது வெள்ளத்தில் கிடந்த வண்டி என்று எப்படிச் சொல்ல? பருவத் தேர்வு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவரை தினமும் பயந்துகொண்டே சாவியைத் திருகினேன்.

மழை நாளில் எடுக்காமலும் இருக்க முடியவில்லை. அதில் ஒரு விநோதம், மழை பெய்தால் அப்பாவும் கூட வருவார். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டாவது வந்து, இடது முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கல்லூரி வாசலில் இறங்கி பஸ் பிடித்துத் திரும்புவார். என் ஓட்டுதலில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்து, வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

செய்முறைத் தேர்வு நாளன்று விடிந்ததிலிருந்தே அடைமழை. அப்பா எனக்கு முன்னாலேயே சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரகடம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். முதலில் வைப்பர் நின்றது. அடுத்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. நாலு கதவும் சடக்கென்று தாமாகவே பூட்டிக்கொண்டன. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, என் முழங்கால் மேல், புகை.

கண்ணாடி இறங்கவில்லை. என் பக்கக் கதவை இழுத்தேன், அசையவில்லை.

"அந்தப் பக்கம் வாணாம், லாரி வருது" என்றார் அப்பா. அவர் கதவும் திறக்கவில்லை. ஹேண்டிலை அவரும் என்னைப் போலவே வெறிபிடித்து இரண்டு மூன்று முறை இழுத்தார். புகை கழுத்துக்கு வந்துவிட்டது. இருமல் வந்தது, கண் எரிந்தது. இப்படித்தான் சாகப்போகிறோம் என்று எனக்குத் தெளிவாகத் தோன்றியது. செய்முறைத் தேர்வு நோட்டு பின்சீட்டில் இருக்கிறதே என்றும் தோன்றியது.

திடீரென்று அப்பா ஹேண்டிலை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கதவைச் சாத்தப் பிடிக்கும் பிடியை ஒரு கையால் பிடித்து, லாக் மேலிருந்த இறுக்கம் தளர, கதவையே தன் பக்கமாக, உள்நோக்கி, அழுத்தி இழுத்தார். இன்னொரு கையின் பெருவிரலால் லாக்கை மெதுவாகத் தள்ளினார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துத் தள்ளினார். நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஹேண்டிலைத் தொட்டார்.

கதவு திறந்தது. அவர் இறங்கிய வேகத்திலேயே என் கையைப் பிடித்து கியர் மேலாக இழுத்து வெளியே போட்டார். பின்னால் நின்ற லாரி டிரைவர் ஓடிவந்து பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கி, புகை வந்த இடத்தில் மண்ணை அள்ளிக் கொட்டினார். புகை அடங்கியது.

ஏதோ ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டுச் சுவரோரம் நனைந்துகொண்டு நின்றோம்.

"வெள்ளத்துல கெடந்த வண்டிப்பா" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின மறு வாரமே. துடைக்கறப்ப கால் வெக்கற மேட்டத் தூக்கினேன். சேறா கீது."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ரோடென்றும் பார்க்காமல் கத்தினேன். "ஏன்பா சொல்லல? நான் தெனமும் இதுலதான போறேன்?"

"நான் பாத்து வாங்கினது" என்றார், தரையைப் பார்த்தபடி. "கம்பெனிக்காரன்னு சொல்லிகினு போயி வாங்கினேன். தப்பா வாங்கிட்டேன்னு உன்கிட்ட இன்னான்னு சொல்றது. போனஸ் வந்ததும் நானே மாத்திடலாம்னு இருந்தேன்." பிறகு நிமிர்ந்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"மூணு மாசமா."

"நீ ஏன் சொல்லல?"

"நீ பாத்து வாங்கினதாச்சே" என்றேன்.

மழை நாளில் அவர் ஏன் கூட வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் ஓட்டுதலைப் பார்க்க வரவில்லை. ஏதாவது நடந்தால் தனக்குத் தெரிந்த அந்த ஒரு கதவுக்குப் பக்கத்தில் இருக்க வந்திருக்கிறார். அந்தக் கோபம் அழுகையாக மாறியது. மழையில் அது அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து மண்ணூர் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போகும் வழியில் வந்திருந்த அப்பாவின் கம்பெனிச் சட்டையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி கார் கம்பெனிலயா வேலை பாக்கீங்க?" என்றார். "அப்ப நான் என்ன சொல்றதுக்கு இருக்கு, உங்களுக்குத் தெரியாததா."

தாம்பரம் கொட்டகையில் கேட்ட அதே வார்த்தை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்த ஒரு கதவு மட்டும்தான் தம்பி தெரியும்" என்றார். "மத்தது ஒண்ணும் தெரியாது. மொதல்லேர்ந்து சொல்லு. எம் பொண்ணும் கேக்கட்டும்."

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். இருபது வருடமாகக் கார் செய்த என் அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். முன்னால் நிற்கும் ரேடியேட்டரைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்டார்.