இரண்டு ரிங்

"...கெழவிய விட்டுட்டு நீ மட்டும் எறங்கி ஓடிருட்டின்னு பெத்தவ வாயால எப்படிச் சொல்லுவேன்? ஓடாதன்னுதான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க கொழுந்தனாரே!"

மைனி இதைக் கேட்டபோது அவர் கையில் மாவு நிரப்பிய முறுக்கு நாழி இருந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மைனி எனக்கு உறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் எதிரெதிர் வாசல், அவ்வளவுதான். அவர் முறுக்குச் சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுப்பவர். நான் வீட்டு முன்னறையிலேயே ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன். அவருடைய ஒரே மகள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்புப் படித்துவிட்டு வெளிநாட்டில், கடலோரத்து நகரம் ஒன்றில், எழுந்து நடக்க முடியாத ஒரு மூதாட்டிக்குத் துணையாக வேலைக்குப் போனாள். போய் ஒரு வருடம் கழித்து அங்கே சண்டை மூண்டது.

சைரன் ஊதினால் ஒன்றரை நிமிடத்துக்குள் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போய்விட வேண்டுமாம். வீடு நான்காவது மாடி. லிஃப்டில் ஏறக் கூடாது. கீழே டவர் கிடைக்காது. ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் மேலே வரலாம். அந்த ஊர் சைரன் அடித்தால் இங்கேயும் அலறி, ஆபத்து நீங்கினால் மணி அடிக்கிற ஆப் ஒன்று இருக்கிறதென்று மகளே சொல்ல, மைனியின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் சந்தில் மிஸ்டு கால் ஒரு பாஷை. ஒரு ரிங் என்றால் தாதரில் ரயில் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் சந்து முனைக்கு வந்துவிட்டேன், சோற்றைப் போடு. பேச்சுக்குக் காசு பிடித்த காலத்தில் வந்த பழக்கம், பேச்சு இலவசமான பிறகும் போகவில்லை. தெரியாமல் எடுத்துவிட்டால் திட்டு விழும். "எதுக்கு எடுத்த? மிஸ்டு கால்தானே குடுத்தேன்?" அதனால் தாயும் மகளும் பேசிவைத்துக்கொண்டது சுலபமாக முடிந்தது. கீழறையிலிருந்து மேலே வந்ததும் இரண்டு ரிங்.

அரிசி டின் மேல் போன் அலறும். மைனி உடனே கேஸை அணைத்துவிடுவார். பாதி வெந்த முறுக்கு சட்டியிலேயே கிடந்து எண்ணெய் குடிக்கும். "குடிச்சா குடிச்சிட்டுப் போவட்டும்" என்பார். பக்கத்துத் தையல் கூடத்து மாஸ்டர், வடக்கத்தி ஆள், எட்டு மெஷினையும் நிறுத்திவிடுவார். டிராம்பே பக்கம் ஒருமுறை ஒத்திகைக்குச் சைரன் ஊதினார்கள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்து வீடியோ எடுத்தோம், சிரித்தோம். இந்தச் சின்ன போனின் அலறலுக்கு யாரும் இருமக்கூட மாட்டோம். இருபது நிமிடம் போல ஆகும். இரண்டு ரிங் வரும். வந்துவிட்டது என்று மாஸ்டர் "ஆ கயா! ஆ கயா!" எனக் கூவி மெஷினைப் போடச் சொல்வார்.

ஒரு வாரமாக அந்த ரிங் மூன்று நிமிடத்திலேயே வர ஆரம்பித்தது. சந்துக்கே சந்தோஷம்.

"ஒங்க மக ஓட்டப் பந்தயத்துக்கே போவலாம் மைனி. படி ஏறி எறங்கிக் காலு பழகிட்டு" என்றேன் நான்.

"எங்க வீட்டுப் படியில ஒரு நாளு வெரசா எறங்கியிருப்பாளா? பத்து வாட்டி கூப்பிடணும்" என்று மைனியும் சிரித்தார்.

நேற்றுச் சாயங்காலமும் ரிங் அப்படியே சீக்கிரம் வந்தது. மைனி கேஸைப் பற்றவைக்கக் குனிந்தார். மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே, ஆபத்து நீங்கியது என்ற மணி போனில் அடித்தது; அந்த வாரம் மற்ற நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் அது காதில் விழுந்ததில்லை. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கீழ டவர் கெடைக்காதுன்னாளே" என்றார்.

நான் மணி பார்த்தேன். மைனி என்னைப் பார்த்தார். ஒரு வாரமாக நாங்கள் கொண்டாடியது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் கீழேயே போகவில்லை.

வீடியோ கால் போட்டார். "டென்ஷன் மத் லே மா, ஒண்ணுமில்ல" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை உண்மை வந்தது. அங்கே பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகள்தான் அதுவரை அந்த மூதாட்டியை நாற்காலியோடு தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் முன்பு அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒற்றை ஆளால் தூக்க முடியாது. படிக்கட்டுப் பக்கம் ஜன்னல் இல்லாத மூலையில் நாற்காலியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

"நீ அடுப்ப அணைச்சிட்டு ஒக்காந்திருப்பேன்னுதான் சீக்கிரம் ரிங் குடுத்தேன்."

"நீயாவது எறங்கிப் போயேன்ட்டி."

"அவங்க என் துப்பட்டாவப் புடிச்சிக்கிறாங்கம்மா. எப்படி உருவிட்டுப் போவேன்?"

மைனி அழைப்பைத் துண்டித்துவிட்டார். இன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, முதலில் எழுதினேனே, அதைக் கேட்டார்.

தையல் கூடத்திலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "லட்கீ ஜவான் ஹை, தீதி. பாக்னே கோ போலோ" என்றார். சின்னப் பெண், ஓடச் சொல்லுங்கள் என்று.

"ஓடச் சொன்னா ஓட மாட்டா" என்றார் மைனி. "அம்மா பேச்ச மீறிட்டோமேன்னு அதுக்கும் சேத்து அழுதுக்கிட்டு அங்கனயே ஒக்காந்திருப்பா."

அப்போது போன் அலறியது.

மைனி கேஸை அணைத்தார். மெஷின்கள் நின்றன. டின் மேல் அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. மாஸ்டர் கையில் கத்தரிக்கோல் திறந்தபடியே இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். முதல் ரிங் வந்தது. இரண்டாவது முடிவதற்குள் மைனி எடுத்துவிட்டார்.

"எதுக்கும்மா எடுத்த?" என்றது மகளின் குரல், பழக்கத்தில். அதற்குப் பின்னால் எங்கேயோ பெரிய இரும்புக் கதவைச் சாத்தியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. புரியாத பாஷையில் நடுங்குகிற முதிய குரல் ஒன்று ஏதோ கேட்டது.

"யாருன்னா கேக்காவ? எங்கம்மான்னு சொல்லு" என்றார் மைனி. "நீ போன வைக்காத. எனக்குச் சோலி கெடக்கு, நான் பேச மாட்டேன். ஆனா வைக்காத. மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்தார். கேஸைப் பற்றவைத்தார். துளி மாவைக் கிள்ளிப் போட்டு எண்ணெய் காய்ந்ததா என்று பார்த்தார். பிறகு, எண்ணெய் பொரியும் சத்தம் அங்கே கேட்கட்டும் என்பதுபோல் போனை இன்னும் கொஞ்சம் சட்டிப் பக்கம் நகர்த்திவிட்டு, முதல் முறுக்கைப் பிழிந்தார்.