எட்டு நாற்பதுக்கு வாசலில் நின்ற பிள்ளை

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். பள்ளிக்கூட வாசல் வரை தனியாக நடந்து வந்த ஒன்பது வயதுப் பிள்ளையை நான் திருப்பி அனுப்பினேன்.

பெயர் தாரணி. மூன்றாம் ஆண்டு. என் மகள் யாழினியின் வகுப்பு. என் பிள்ளை உள்ளே உட்கார்ந்து கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பெற்ற பிள்ளையிடம், வந்த வழியே போ என்றேன்.

இதைப் படிக்கும் நீங்கள் எனக்காக ஒரு நல்ல காரணத்தைத் தேடிக் கொடுத்துவிடாதீர்கள். பலர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் என் கழுத்தில் கல்லாகத்தான் தொங்குகிறது...

எங்கள் பள்ளி ஈஜோக் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. பதினேழு பிள்ளைகள். மூன்றாம் ஆண்டில் நால்வர் மட்டும். நான் பள்ளிப் படிப்பின் கடைசிப் படியான ஆறாம் படிவம் வரை படித்தவள். கோலசிலாங்கூரில் ஒரு தனியார் கிளினிக்கின் முகப்பில் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவளும் நான்தான்.

அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்தார். திருமதி ரீத்தா. ராசா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு சின்னப் பள்ளியாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். அவரைப் பற்றிய செய்தி அவர் காருக்கு முன்னால் ஓடி வந்தது. நெல்வயல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாராம். இன்னொரு பள்ளியில் பிள்ளைகளோடு சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நின்றாராம். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

எதற்காக எழுதுகிறார்? அது யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் வாட்சப் குழு புகுந்தது.

"லிஸ்ட் எடுக்கறாங்களாம் லா. வாசிக்கத் தெரியாத புள்ளைங்க இருந்தா ஸ்கூல மூடி டவுன் ஸ்கூலோட சேத்துருவாங்களாம்."

யார் சொன்னது? எங்கே கேட்டது? நான் விசாரிக்கவில்லை. படித்தவள் அல்லவா! விசாரிக்காமலே நம்பினேன்.

தாரணிக்கு வாசிக்க வராது. 'அம்மா' என்ற சொல்லை அடையாளம் காண்பாள். அதற்கு மேல் எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். வகுப்பில் வெண்பலகையைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காலணிக் கயிறு கட்டிவிடுவது... எல்லாம் அவள்தான்.

மேற்பார்வையாளர் வருவதற்கு முந்தைய நாள் தலைமையாசிரியர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "எல்லாப் பிள்ளைங்களும் வரணும்மா. ஒருத்தர் விடாம." தலையாட்டினேன். அன்று மாலையே தாரணி குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, காரை விட்டேன்.

அவள் அம்மா விமலா தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர்.

"விமலா, நாளைக்குப் புது மேடம் வராங்க. கேள்வியெல்லாம் கேப்பாங்க. தாரணி பயந்துரும்லா. ஒரு நாள் வீட்டுல இருக்கட்டுமே."

விமலா என் முகத்தைப் பார்த்தாள். "அவளால ஸ்கூலுக்குக் கெட்ட பேரு வந்துருமாக்கா?"

"சேச்சே! அவளுக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்காக! அந்தப் பொய்யை எவ்வளவு இதமாகச் சொன்னேன் தெரியுமா? கிளினிக்கில் ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளிடம் பேசும் அதே குரலில்.

உண்மையைச் சொல்கிறேன். பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் தலைவியாக இருக்கும்போது, ஓர் அதிகாரியின் முன்னால், எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பெயர் எதையும் அதற்குச் சூட்ட மாட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் திருமதி ரீத்தா வந்துவிட்டார். நாங்கள் தாய்மார்கள் சமைத்து வைத்திருந்த மீகூன் சேமியாவையும், மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பையும் பார்த்து, "அப்புறம் சாப்பிடறேன், முதல்ல பிள்ளைங்க" என்று நேராக வகுப்புக்குள் போனார். ஒரு சிறிய நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் நான்காவது மேசையைப் பார்த்தார்.

"தாரணி எங்க?"

"காய்ச்சலாம் சார்," என்றேன். வேறு யாரும் வாய் திறக்கும் முன் சொன்னேன்.

பின்பு தட்டுகளை எடுத்து வைக்க வெளியே வந்தேன். அப்போதுதான் பார்த்தேன்... வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் தாரணி!

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு, தானே சீருடை போட்டுக்கொண்டு, லயத்திலிருந்து லோரி போகும் செம்மண் சாலையில் கால் மணி நேரம் நடந்து வந்திருக்கிறாள். சட்டைப் பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. வெள்ளைக் காலணி முழுக்கச் செம்மண். தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம் முகத்தில். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"ஆண்டி, கேட்டத் தொறங்க."

நான் திறக்கவில்லை.

"இன்னைக்கு உனக்கு ஸ்கூல் இல்ல தாரணி. வீட்டுக்குப் போ."

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வகுப்பிலிருந்து யாழினியின் குரல் வந்துகொண்டிருந்தது.

"யாழினி இருக்காளே ஆண்டி?"

"அவங்களுக்கு இருக்கு. உனக்குத்தான் இல்ல."

இதைத்தான் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு ஒரு கறிபாப்பை மெல்லிய தாளில் சுற்றிக் கம்பி இடைவெளியில் நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அழவில்லை. திரும்பி நடந்தாள். அந்தச் சாலையில் ஒரு பிள்ளையைத் தனியே அனுப்புகிறோமே என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. உள்ளே போய்த் தேநீர் கலக்கினேன்.

அன்று பதினாறு பிள்ளைகளும் நன்றாகவே வாசித்தார்கள். புறப்படும்போது திருமதி ரீத்தா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்டார்:

"வாசிக்கச் சிரமப்படற பிள்ள யாராச்சும் இருக்காங்களா? குறைநீக்கல் ஆசிரியர் ஒருத்தர் கிடைச்சிருக்காங்க. எந்தச் சின்னப் பள்ளிக்கு ரொம்பத் தேவையோ அங்க போடலாம்னுதான் சுத்திக்கிட்டு இருக்கேன்."

நீங்கள் புரிந்துகொண்டீர்களா? பள்ளிகளை மூடுவதற்கான பட்டியல் இல்லை அது! தாரணியைப் போன்ற ஒரு பிள்ளையைத் தேடித்தான் அந்த அம்மாள் மாவட்டம் முழுக்க அலைந்துகொண்டிருந்தார்!

தலைமையாசிரியர் வாயெடுத்தார். "ஒரு பிள்ள கொஞ்சம் மெதுவா..."

நான் இடைமறித்தேன். "அதெல்லாம் சமாளிச்சிடலாம் மேடம். வீட்டுல சொல்லிக் கொடுத்தா வந்துரும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் காய்ச்சல் பொய்யும் அவிழ்ந்திருக்கும். அதனால். அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனார்.

மறுநாள் தாரணி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பையைத் தூக்கினாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள் என்று செய்தி வந்தது. ஒரு நாள் லீவு கொடுத்ததும் சோம்பல் பிடித்துவிட்டது என்று விமலா எல்லாரிடமும் புலம்பினாள். எனக்கும் குரல்பதிவு அனுப்பினாள். காரணம் தெரிந்த பெரியவள் நான் ஒருத்திதான். வாரங்கள் போயின. வாய் திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் திருமதி ரீத்தா மறுபடியும் வந்தார். இந்த முறை வருகைப் பதிவேட்டை மேசையில் விரித்து, ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"நான் வந்த அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்ன பிள்ள. இன்னும் காய்ச்சலா?"

அவரே லயத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய முழங்காலில் சிமெண்டுத் தூசி இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பேசிப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"இந்தப் பிள்ள ஸ்கூல விட்டு ஓடல," என்றார். "ஸ்கூல் அதுக்கு என்னமோ பண்ணியிருக்கு. என்னன்னு தெரியாம இந்தப் பள்ளிக்கு நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்...

என்னை உடைத்தது வேறு. அந்த வாரக் கடைசியில் யாழினியோடு லயத்து வழியாகக் காரில் போனேன். தண்ணீர்த் தொட்டியருகே விளையாடிக்கொண்டிருந்த தாரணி, என் காரைப் பார்த்ததும் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள்.

"தாரணி ஏம்மா ஒளியுறா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்!

யாழினி சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்களப் பாத்துதான். நான் கிளாஸ்ல இருந்து பாத்தேன்ம்மா. நீங்க அவளப் போகச் சொன்னீங்க."

மூன்று மாதமாக என் மகளும் எனக்காக அதை மூடி வைத்திருந்தாள். பொய்யை எப்படிச் சுமப்பது என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துத் திருமதி ரீத்தாவின் அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நோட்டை எடுத்து, எத்தனை மணி, என்ன வார்த்தைகள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"பள்ளிக்கு வேண்டியத நான் பாத்துக்கறேன். அவங்க அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேல."

அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். இன்றுவரை அதிலிருந்து பின்வாங்கவில்லை. இதை மறைக்கவும் மாட்டேன், மெருகு பூசவும் மாட்டேன். யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைநீக்கல் ஆசிரியர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கும் வருகிறார். திருமதி ரீத்தா போராடிப் பெற்றது. தாரணி மீண்டும் வகுப்பில் இருக்கிறாள். அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கொண்டுவர ஆறு வாரம் ஆயிற்று. சிறு சிறு சொற்களை வாசிக்கிறாள். என்னைக் கண்டால் இப்போதும் வேறு பக்கம் போகிறாள். நான் தலைவி பொறுப்பில் இல்லை. யாழினியைச் சாலை முனையிலேயே இறக்கிவிடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

விமலாவிடம் சொல்வது என் வேலை என்றார் அல்லவா? நான் அவளிடம் முதலில் போகவில்லை. சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். தைரியம் என்று நினைக்கிறீர்களா? அன்று காலை விமலாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தை வைத்தேன்!

லோரி ஓட்டும் ஓர் அண்ணன் கையை வீசினார். "விடுங்கம்மா. ஸ்கூலுக்காகத்தானே செஞ்சீங்க. உங்களுக்கு மெடல்தான் குத்தணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் திருப்பிக் கேட்டாள். "அப்ப அவங்க சொந்தப் புள்ளைய வீட்டுல வச்சிருக்கலாம்லா? மெடல் அப்ப குத்துங்க."

சிலர் சிரித்தார்கள். அந்தத் தாயின் முகத்தை மட்டுமே என்னால் பார்க்க முடிந்தது.

மதியம் மூன்றரை மணிக்கு என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. விமலா. தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. உள்ளே வா என்றேன், வரவில்லை. உட்காரு என்றேன், உட்காரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று நான் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள். கைப்பேசியை எடுத்து, அவளுக்கு நான் முன்பு அனுப்பியிருந்த குரல்பதிவு ஒன்றைப் போட்டாள். என் குரல்... இதமான குரல்.

"செல்லம் குடுக்காத விமலா. கொஞ்சம் கண்டிச்சு அனுப்பு. தானா போகும்."

இதை நான் மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை. உங்களிடமும் இந்த வரி வரை சொல்லாமலே வந்துவிட்டேன்.

விமலா கைப்பேசியை அணைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"கண்டிச்சேன்க்கா. நீங்க படிச்சவங்க, சொன்னா சரியா இருக்கும்னு தினம் காலையில ஹேங்கரால கண்டிச்சேன். கால்ல இன்னும் தழும்பு இருக்கு. ஒரு வாட்டிகூட அவ உங்க பேரச் சொல்லல. என்னைத்தான் பாத்துக்கிட்டே இருப்பா... இப்பச் சொல்லுங்க. அந்த அடிய நான் எப்படித் திருப்பி எடுக்கறது?"