திரும்பி வந்தால் உட்கார வேண்டும்

என் கணவர் கைலாஷ் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு; மலையாள தேசத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இவருக்கு டெஸ்டர் வேலை. அதாவது மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அதே வேலையை நான் வீட்டில் இத்தனை வருஷமாகச் சும்மா செய்துகொண்டிருக்கிறேன், கேட்பார் இல்லை.

காலையில் "போயிட்டு வரேன்" என்று கிளம்புவார். ஸ்கூட்டர் தெருமுனை தாண்டாது, திரும்பி வந்துவிடுவார். ஒரு நாள் ஐடி கார்டு. ஒரு நாள் மூக்குக்கண்ணாடி. ஒரு நாள் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஹெல்மெட்டைத் தேடி வந்தார். மறதி யாருக்குத்தான் இல்லை, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. வந்தோமா, எடுத்தோமா, போனோமா என்று இருக்கலாமில்லையா? இருக்க மாட்டார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பியவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால், எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடக் கூடாது. உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்புவதுபோல் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். நானும் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் அவசரமென்றால் சுவரில் முதுகைச் சாய்த்துவிட்டு, உட்கார்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வேன். இவரோ ஷூவைக் கழற்றி, சோபாவில் சௌகரியமாக உட்கார்ந்து, டம்ளரைத் தூக்கிக் குடித்து, வாயைத் துடைத்து, "போயிட்டு வரேன்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் எதை எடுக்க வந்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

கல்யாணத்தன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமாக, எனக்குச் சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று கிளம்புவார். பெண்ணைப் பெற்றவர் பின்னாலேயே போய், என் பெண்ணைத் தருகிறேன் வாங்கோ என்று கெஞ்சி அழைத்து வருவார். என் அப்பா கெஞ்சுவதற்குத் தயாராகத் தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், இவர் தானாகவே திரும்பி வந்துகொண்டிருந்தார். கண்ணாடியை அறையில் வைத்துவிட்டாராம். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சாஸ்திரிகளுக்கு மேற்கொண்டு என்ன மந்திரம் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா மட்டும், "மாப்பிள்ளை ஓடிப்போற ரகம் இல்லை, அதுவரைக்கும் க்ஷேமம்" என்றார்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், இவர் பார்த்துக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் முடிந்துபோயிற்று. இங்கே வேறு இடம் இல்லை, நொய்டா ஆபீசுக்குப் போங்கள் என்றார்கள். நொய்டா டெல்லிக்குப் பக்கம். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் காற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று டிவியில் காட்டுகிறார்கள். இவருக்கோ வீசிங். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இவர் இங்கே இன்ஹேலரைத் தேடுவார். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, விட்டுவிட்டுக் கூடப் போக முடியாது. போனால் இவர் தனியாகத்தான் போக வேண்டும். இன்ஹேலரை மறந்துவிட்டுத் திரும்பி வருகிற தூரமா நொய்டா?

அப்போதுதான் கம்பெனியில் கேம் ஜாம் என்று ஒன்று அறிவித்தார்கள். ஒரு சனி, ஒரு ஞாயிறு; கொடுக்கிற விஷயத்தை வைத்து அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். புதிதாக கேம் பிரிவு ஒன்று தொடங்கப் போகிறார்கள், எந்த டீமின் விளையாட்டு தேறுகிறதோ அந்த டீமை அப்படியே அதில் எடுத்துக்கொள்வார்கள். இங்கேயே, கழக்கூட்டத்திலேயே.

இவர் வாழ்நாளில் ஆடிய ஒரே கம்ப்யூட்டர் விளையாட்டு சீட்டு அடுக்குவது. ஆனாலும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். கூட இரண்டு பேர். ப்ரோக்ராம் எழுத வர்க்கலைக்காரர் ஷிபு. படம் வரைய அனுஷா, போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்த பெண். சனிக்கிழமை காலை இவர் போன் செய்தார். "விஷயம் கொடுத்துட்டா சுப்ரியா. மாசுபட்டுப் போன ஒரு கிரகத்துலேர்ந்து தப்பிக்கணும். வியூக விளையாட்டா இருக்கணுமாம்."

"நொய்டான்னு நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு மனிதர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எலுமிச்சை சாதமும் பொரித்த வடாமும் எடுத்துக்கொண்டு, பைபாஸ் நெரிசலில் ஆட்டோக்காரரோடு சேர்ந்து நானும் நாலு பேரைத் திட்டி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டு இதுதான். ஒரு கிரகம், முழுக்கப் புகை. ஒரு கப்பல், ஒரு குடும்பம். குடும்பத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அனுஷா கேட்டிருக்கிறாள். இவரும் மூளையைக் கசக்கி அப்பா, அம்மா, கைலாஷ், சுப்ரியா என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர், விதை, மருந்து, எரிபொருள் என்று எதை எவ்வளவு ஏற்றுவது என்பதை ஆடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். நேரமாக ஆகப் புகை ஏறிக்கொண்டே வரும். கப்பல் ஜன்னலை அது மூடுவதற்குள் தப்பிக்க வேண்டும். ஆனால் கப்பல் கிளம்பியதும் கட்டாயம் ஏதோ ஒன்று மறந்துபோயிருக்கும். 'திரும்பு' என்று ஒரு பட்டன், 'போகட்டும்' என்று ஒரு பட்டன். கண்ணாடியை விட்டுவிட்டுப் போனால் கப்பல் ஓட்டுகிறவருக்கு வரைபடம் தெரியாது, வழி நீளும். விதையை விட்டால் போய்ச் சேர்ந்த இடத்தில் சோறு கிடையாது. எல்லாம் இவர் யோசனை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

சண்டை எதற்கென்றால், திரும்பி வந்த கப்பலில் குடும்பம் முழுக்க வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்தது. புகை ஏறியது.

"கைலாஷேட்டா, இவரெல்லாம் எந்தினா இரிக்குந்நே?" என்றார் ஷிபு. எதற்காக உட்காருகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"திரும்பி வந்தாச்சே."

"வந்நால்?"

"வந்தா உக்காந்து ஜலம் குடிக்கணும் இல்லையோ?"

அந்தப் பகுதியை இவரே எழுதியிருக்கிறார். இப்படி ஒரு விதி வைக்கிறோம் என்றே நினைக்கவில்லை. கை விட்ட சாமான் கீழே விழும் என்று எழுதுவதுபோல இதையும் எழுதிவிட்டார். இதனால் யார் ஆடினாலும் தோற்கிறார்கள் என்று ஷிபு தலையில் அடித்துக்கொண்டு, அந்த வரிகளை எடுத்தார். இவர் ஆடிப் பார்த்தார். கப்பல் திரும்பியது, கண்ணாடியை எடுத்தது, ஒருவரும் உட்காரவில்லை, மறுபடி கிளம்பிவிட்டது. இவர் முகம் வெளிறிப்போயிற்று.

"எனக்கு மனசு ஒப்பலை ஷிபு. வழியில ஏதாவது ஆயிடும்."

"சேட்டா, அது பொம்மையாக்கும்!"

"பொம்மையா இருந்தா என்ன? குடும்பத்தோட போறா."

ஷிபு எழுந்து சாயா குடிக்கப் போனதும், எடுத்த வரிகளை இவர் மறுபடி சேர்த்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுஷர். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்திருப்பார். பிடிவாதத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்து இங்கேயா எடுக்க வேண்டும்?

"ஏன்னா, உங்களுக்கு நொய்டா போக ஆசையா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப ஷிபு சொல்றபடி விட்டுத் தொலைங்கோளேன்!"

"நீயே சொல்லு சுப்ரியா. திரும்பி வந்தவா உக்காராம எப்படிப் போறது?"

நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தானே. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். இனி யாரும் எதையும் மாற்ற முடியாது. புதுப் பிரிவின் தலைவி ஸ்ரீலட்சுமி மேடம் ஒவ்வொரு மேஜையாக வந்தார். பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவராம், இங்கிலீஷும் மலையாளமும்தான் பேசினார். கார் சாவியை எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்து ஆடினார். மருந்து மறந்துபோயிற்று. 'திரும்பு' பட்டனை அழுத்தினார். குடும்பம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. அடுத்து விதைக்காகத் திரும்பினார். மறுபடி தண்ணீர். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் புகையில் மூடிப்போயிற்று.

"இதில் லாஜிக் இல்லல்லோ" என்றார்.

"மேடம், திரும்பி வந்தா உக்காராம..." என்று இவர் ஆரம்பித்தார். அனுஷா இவர் காலை மிதித்தாள். மேடம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அங்கே புகையைத் துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு, ஒரே கைதட்டல்.

இவர் இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். 

"தள்ளுங்கோ" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். "திரும்பாமப் போற ஒரு ஆள் ஆடினா ஜெயிக்கலாம். நான் காட்டறேன்."

கப்பலைக் கிளப்பினேன். 'கண்ணாடி மறந்துவிட்டது. திரும்பணுமா?' என்று கேட்டது. போகட்டும்! இத்தனை வருஷமாக அமுக்கக் காத்திருந்த பட்டன் அது. குடை? போகட்டும். ஊறுகாய் ஜாடி? போகட்டும். வழி நீண்டது, தண்ணீர் செலவானது, நான் அசரவில்லை. நாலைந்து பேர் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். புகை ரொம்பக் கீழே போய்விட்டது. தொட்டியில் ஒரு தடவை குடிக்கத்தான் தண்ணீர் பாக்கி. தூரத்தில் புதுக் கிரகம் பச்சையாகத் தெரிந்தது.

அப்போது ஒரு வரி வந்தது: 'கைலாஷ் ஏறவில்லை. திரும்பணுமா?'

கீழே, புகைக்கு நடுவில், அனுஷா வரைந்த அந்தக் குட்டிப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிடுகிற முகத்தோடு பேசாமல் நின்றது.

"சேச்சி, போகட்டும்! போகட்டும் அமர்த்து! ஜயிச்சு!" என்று அந்தப் பட்டனை அழுத்தச் சொல்லி ஷிபு குதித்தார்.

நான் 'திரும்பு' பட்டனை அழுத்தினேன்.

கப்பல் இறங்கியது. கைலாஷ் ஏறினார். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள், சுப்ரியாவும்தான். தொட்டி காலி. புகை ஜன்னலை மூடியது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏன் திரும்பினே? ஜெயிச்சிருப்பியே" என்றார் இவர், உண்மையிலேயே புரியாமல்.

"வாயை மூடுங்கோ" என்றேன். அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷரை அனுப்பிவிட்டு என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. அது அத்தனை பேருக்கு நடுவில், எலுமிச்சை சாதத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானா எனக்குத் தெரிய வேண்டும்? புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மேடம் திரும்பி வந்தார். கார் சாவியை எங்கள் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாவியை எடுத்தார். நாலடி போனார். நின்றார். பிறகு பேசாமல் வந்து, காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உதட்டில் படாமல் ஒரு வாய் குடித்து, மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

நாங்கள் நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் பாட்டிலைப் பார்த்தார். திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பொம்மைகளைப் பார்த்தார்.

"அய்யோ" என்றார், சுத்தமான தமிழில். "எங்க அம்மைக்கு இது கண்டிப்பாக்கும். இங்கதான், வலியசாலைல வீடு. பெங்களூர்ல லிஃப்ட்டுல எறங்கிப் பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்தாக்கூட உக்காந்துட்டுத்தான் போவேன். ஏன்னு நெனச்சுப் பாத்ததே இல்ல."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "நீங்க ஆடினத அங்க நின்னு பாத்தேன். எல்லாத்தையும் விட்டுட்டுப் போனீங்க, கடைசில எதுக்குத் திரும்பினீங்க?"

"எங்காத்துக்காரர், மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஆடினார், தோற்றார், மறுபடி ஆடினார். ஒவ்வொரு முறை திரும்புவதற்கு முன்னும் தொட்டியைப் பார்த்து, இது இல்லாமல் இருக்க முடியுமா, முடியாதா என்று வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டார். துப்பாக்கி மேஜைக்காரர்கள் கைதட்டி ஓய்ந்துவிட்டார்கள். எழுந்தபோது ஷிபுவைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"நீங்க மூணு பேரும் நம்ம பிரிவுலதான். ஆனா அந்தத் தண்ணிய எடுத்துராதீங்க. அதுலதான் விளையாட்டே இருக்கு."

"ஞான் ஆத்யமே பறஞ்ஞதாணு, மேடம்" என்றார் ஷிபு. முதலிலேயே சொன்னாராம்! அனுஷா இந்த முறை அவர் காலை மிதித்தாள்.

திங்கட்கிழமை காலை இவர் புதுப் பிரிவுக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம். ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பார்த்துவிட்டேன், ஐடி கார்டு சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது.

"போயிட்டு வரேன்" என்றார்.

"சரி" என்றேன். வழக்கமாகக் கத்தியிருப்பேன். அன்று கத்தவில்லை. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரை போயிற்று. டம்ளரில் தண்ணீர் எடுத்து சோபா பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.